அந்தக் கேள்வியை அம்மாவா கேட்பது?

மாற்றுத்திறனாளிப் பிள்ளைகள் சோர்ந்திருப்பது இயல்புதான் என்கிறார்கள். கவுன்சலிங் வேண்டுமானால் எல்லோருக்கும் உள்ள வழி அவர்களுக்கும் உண்டு என்கிறார்கள். மருத்துவர்களில்கூடச் சிலர் இப்படிப் பேசுவது எனக்கு ஆற்றாமையைத் தருகிறது.

முதலில், சோர்வு இயல்பு என்ற வாதம். சக்கர நாற்காலியில் கல்லூரிக்குப் போய்வந்த பையன் திடீரென்று போக மறுக்கிறான், சாப்பாட்டை ஒதுக்குகிறான், நண்பர்களின் போனை எடுப்பதில்லை. நடக்க முடிகிற பிள்ளை இப்படி இருந்தால் வீடே பதறும். இவனுக்கு மட்டும் ‘அவன் நிலைமை அப்படி’ என்று விட்டுவிடுகிறோம். மனச்சோர்வு சிகிச்சையால் தேறக்கூடிய நோய். அதை ஊனத்தின் கணக்கில் எழுதிவிட்டால் சிகிச்சை தொடங்குவதே இல்லை.

வழி திறந்திருக்கிறதா? 2022 அக்டோபரில் தொடங்கிய டெலிமானஸ் மனநலத் தொலைபேசிச் சேவை (14416) தமிழிலும் இலவசமாகப் பேசுகிறது, நல்ல திட்டம். ஆனால் காது கேளாத பெண் அந்த எண்ணை அழைத்து என்ன செய்வாள்? வீடியோவில் பேசினாலும் எதிரில் இருப்பவருக்குச் சைகை மொழி தெரிந்திருக்க வேண்டுமே!

‘சைகை புரியாவிட்டால் வீட்டார் கூட வந்து சொல்லட்டும்’ என்பதுதான் எல்லாவற்றிலும் மோசம். மனச்சோர்வை அளக்க பி.எச்.க்யூ-9 என்ற வினாத்தாள் பரவலாகப் பயன்படுகிறது. கடந்த 2 வாரங்களில் தூக்கம் எப்படி, பசி எப்படி என்று போய், 9ஆவது கேள்வி சாவைப் பற்றிய எண்ணத்தைக் கேட்கிறது. காது கேளாத பத்தொன்பது வயது மகளிடம் அதைச் சைகையில் கேட்க வேண்டியவர் அம்மா. பல வீடுகளில் புழங்குவது சாப்பிடு, தூங்கு, கிளம்பு போன்ற சில சைகைகளே. அம்மா திணறிக் கேட்கிறார். அவர் முகத்தைப் பார்த்து மகள் இல்லையென்று தலையாட்டுகிறாள். மருத்துவர் 0 போடுகிறார். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017 தரும் இரகசியம் காக்கப்படும் உரிமை அந்த அறையில் எங்கே போயிற்று?

‘இவர்கள் வருவதே இல்லை, யாருக்காக ஆள் வைப்பது?’ என்ற கேள்வியும் உண்டு. மனநலப் பிரிவு மாடியில், லிப்ட் கிடையாது, அழைப்பது ஒலிபெருக்கியில் என்றால் எப்படி வருவார்கள்? தனியார் மருத்துவமனை உட்பட எங்கும் தடையற்ற அணுகல் வேண்டும் என்று மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 சொல்லிவிட்டது. ஒவ்வொரு மருத்துவமனையிலும் சைகை மொழிபெயர்ப்பாளர் வேண்டியதில்லை. மாவட்ட மனநலத் திட்ட ஓ.பி.க்குக் குறித்த நாளில் ஒருவர் வீடியோவில் பல மாவட்டங்களுக்கு உதவலாம். அந்த நாளைக் காது கேளாதோர் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் எழுதி ஒட்டட்டும்; அதன்பிறகு வருகைக் கணக்கைப் பேசலாம்.