பந்தயம் முடிந்தது, படிக்கட்டு நிற்கிறது!

ஒரு வீட்டில் கல்யாணம் என்றால் என்ன செய்கிறோம்? வெள்ளை அடிக்கிறோம். பந்தல் போடுகிறோம். விருந்தாளிகளுக்கு வண்டி பேசுகிறோம்.

ஊருக்கே கல்யாணம் வந்தால்?

பிரான்ஸ் நாட்டின் தலைநகரான பாரிசுக்கு 2024-ம் ஆண்டில் அப்படி ஒரு கல்யாணம் வந்தது. ஜூலை 26 முதல் ஆகஸ்டு 11 வரை ஒலிம்பிக் பந்தயம். பிறகு, ஆகஸ்டு 28 முதல் செப்டம்பர் 8 வரை மாற்றுத்திறனாளிகளின் பாராலிம்பிக் பந்தயம்.

பாரிஸ் மக்களுக்குக் கால் போல உதவுவது, பூமிக்கு அடியில் ஓடும் மெட்ரோ ரெயில். அதுவும் ஒரு ஒலிம்பிக் ஆண்டில் பிறந்ததுதான்! 1900-ம் ஆண்டு ஜூலை 19-ந் தேதி அது ஓடத் தொடங்கியது. அந்த ஆண்டும் பந்தயம் பாரிசில்தான்.

யார் பணம்?

2024-ல் நகரம் நன்றாகவே தயாரானது. ஜூன் மாதமே 14-ம் எண் பாதையை இரு பக்கமும் நீட்டினார்கள். தெற்கே ஓர்லி விமான நிலையம். வடக்கே பெரிய விளையாட்டு அரங்கம் இருக்கும் சேன் தெனி. வழக்கமான கோடைக் காலத்தைவிட அதிக ரெயில்கள் ஓடின.

செலவுக்கு வழி? ஜூலை 20 முதல், 2.15 யூரோவாக இருந்த ஒரு தடவைச் சீட்டு 4 யூரோ ஆயிற்று. மாதச் சீட்டு வைத்திருந்த உள்ளூர்க்காரர்களுக்கு உயர்வு இல்லை.

இது பெரும்பாலும் நியாயமே. விருந்துச் செலவை, வேலைக்குப் போகும் ஏழையின் தலையில் கட்டலாமா? ஆனால், எப்போதாவது ரெயில் ஏறும் உள்ளூர் ஏழையும் 4 யூரோ கொடுக்க நேர்ந்ததே!

அதே கோடையில் ஜெர்மனியில் ஐரோப்பியக் கால்பந்துப் போட்டி நடந்தது. ஆட்டச் சீட்டு வைத்திருந்தவர்கள் 36 மணி நேரம் உள்ளூர் பஸ், டிராம், ரெயிலில் தனிக் கட்டணம் இல்லாமல் போனார்கள். இதுவே மேலான வழி. பயணச் செலவு ஆட்டச் சீட்டோடு போய்விடும். உள்ளூர்க்காரர் கட்டணம் ஏறாது.

பெரிய குறை

பாரிஸ் மெட்ரோவில் 300-க்கும் அதிகமான நிலையங்கள். ஆனால், சக்கர நாற்காலியில் வருகிறவர் எல்லா நிலையங்களிலும் ஏறி இறங்கக் கூடிய பழைய பாதை ஒன்றுகூட இல்லை. 1998-ல் திறந்த 14-ம் எண் பாதை ஒன்றில்தான் அது முடியும். மற்றப் பாதைகளில் படிக்கட்டு, படிக்கட்டு, படிக்கட்டு!

சக்கர நாற்காலியில் இருந்து பதக்கம் வென்றவரை நகரமே கை தட்டிப் பாராட்டியது. கை தட்டியவர்கள் மெட்ரோவில் வீடு திரும்பினார்கள். பாராட்டுப் பெற்றவரோ பஸ்சையோ, தனி வண்டியையோ தேட வேண்டியிருந்தது!

பந்தயம் முடிந்தது. படிக்கட்டு அப்படியே நிற்கிறது. அவதிப்படுவது வீரர் மட்டுமா? முழங்கால் வலியோடு வரும் பாட்டி. பிள்ளைத்தாய்ச்சிப் பெண். குழந்தையை வண்டியில் வைத்துத் தள்ளும் தகப்பன்.

"பழைய சுரங்கம். லிப்டு வைக்க நிறையப் பணமும் பல ஆண்டுகளும் வேண்டும்" என்கிறார்கள். உண்மைதான். அதனால்தான் முன்பே தொடங்க வேண்டும். பாரிசில் பந்தயம் என்று முடிவானது 2017-ல். நடுவில் ஏழு ஆண்டுகள் இருந்தனவே!

பந்தயம் நடத்தப் போகும் ஊர்களுக்கு ஒரு வார்த்தை: பந்தல் போடுவதற்கு முன்பு வாசற்படியைச் சரி செய்யுங்கள். விருந்தாளி சில நாட்கள்தான் வருவார். பாட்டி தினமும் வருவாள்!