விற்ற காசின் கணக்கு விற்றவர் கைக்கு: திருப்பூர் சிறு உற்பத்தியாளர்களின் கோரிக்கைச் சாசனம்

பனியன், டி-சர்ட், லெக்கிங்ஸ் தைத்து இணையக் கடைகளில் விற்கிறோம். துணியும் தையலும் எங்களுடையவை. விற்ற காசின் விவரம் மட்டும் கடைக்காரர்களின் சர்வரில் இருக்கிறது. எங்கள் கணக்கு மென்பொருளே அதை நேராகக் கேட்டு வாங்க ஏபிஐ என்ற வழி உண்டு. அந்த வழியை எங்களுக்கு முழுமையாகத் திறந்துவிட வேண்டும்.

வங்கிக்கு வருவது மொத்தமாக ஒரே தொகை. அதற்குள் எத்தனையோ ஆர்டர்கள். ஒவ்வொரு ஆர்டருக்கும் விற்ற விலை, கமிஷன், கூரியர் கட்டணம், ஜிஎஸ்டிக்குப் பிடிக்கும் 0.5 சதவீதம், வருமான வரிக்குப் பிடிக்கும் 0.1 சதவீதம் எல்லாம் தனித்தனியாக, பணம் வந்த வங்கிப் பரிமாற்றத்தின் யூடிஆர் எண்ணோடு ஏபிஐயில் கிடைக்க வேண்டும். சனிக்கிழமை சம்பளம் போட்டாக வேண்டிய ஊர் இது. வெள்ளிக்கிழமை இரவெல்லாம் எக்செல் ஷீட்டில் காசைத் தேடிக்கொண்டிருக்க முடியாது.

சரக்கு ரிட்டர்னுக்குப் பிடிக்கும் தொகையில் மூல ஆர்டரின் எண்ணும் திரும்பிய காரணமும் இருக்க வேண்டும். ஜூனில் விற்ற சரக்கு ஜூலையில் திரும்புகிறது. எந்த ஆர்டர் என்று தெரியாவிட்டால், விற்காத சரக்குக்கும் வரி கட்டிவிடுகிறோம். எந்த சைஸ் அதிகம் திரும்புகிறது என்று உடனே தெரிந்தால், அடுத்த லாட்டுக்குக் கட்டிங்கையே திருத்திவிடுவோம்.

முந்தைய மாதப் பதிவுகள் 3ஆம் தேதிக்குள் முழுமையாக வர வேண்டும். எங்களிடம் பிடித்த ஜிஎஸ்டியைக் காட்டும் ஜிஎஸ்டிஆர்-8-ஐ இணையக் கடைகள் தாக்கல் செய்யக் கெடு 10ஆம் தேதி. விற்பனையைக் காட்டும் ஜிஎஸ்டிஆர்-1-ஐ மாதந்தோறும் தாக்கல் செய்யும் எங்களுக்கு 11ஆம் தேதி. இடையில் இருக்கும் ஒரே நாளில் எதை ஒத்துப்பார்ப்பது?

பழைய பதிவுகளை மறைக்கக் கூடாது. ஆண்டு ஜிஎஸ்டி ரிட்டர்ன் தாக்கலின் கெடு நாளிலிருந்து 72 மாதம் கணக்கை வைத்திருக்கச் சொல்கிறது ஜிஎஸ்டி சட்டம். அத்தனை மாதமும் ஏபிஐ பதில் சொல்ல வேண்டும்.

கணக்காளருக்கென்று, பார்க்க மட்டும் உதவும் தனி ஏபிஐ சாவி கட்டணமின்றி வேண்டும். பணத்தைத் திருப்பவோ வங்கிக் கணக்கை மாற்றவோ அது இடம் தரக் கூடாது. கடையின் முழு பாஸ்வேர்டையும் பிறரிடம் கொடுத்துவிட்டு எங்களால் நிம்மதியாக இருக்க முடியவில்லை.

வாங்குபவரின் பணத்தைப் பெற்று விற்பவருக்குச் சேர்க்கும் பேமென்ட் அக்ரிகேட்டர்களுக்கு 2020-இலேயே நெறிமுறை வகுத்தது ரிசர்வ் வங்கி. விற்பவருக்கு ஆர்டர்வாரியாகப் பதிவு தருவதையும் இப்போதைய நெறிமுறையில் கட்டாயமாக்க வேண்டும். தொழில்நுட்பம் கைவசம் இருக்கிறது. தாமதத்துக்குத்தான் காரணம் தெரியவில்லை. வரும் ஏப்ரல் 1-இல் புதுக் கணக்கு தொடங்குகிறோம். அதற்குள் இவை நடைமுறைக்கு வர வேண்டும்.