இரு மொழிக்கு மட்டுமா சட்டக் கல்வி?

தில்லிப் பல்கலைக்கழக வடக்கு வளாகத்தை ஒட்டிய தேநீர்க் கடைகளில், பட்டப்படிப்பின் இறுதியாண்டு மாணவர்கள் நடப்பு நிகழ்வுத் தொகுப்புகளுடன் அமர்ந்திருப்பதைக் காணலாம். ஒருபுறம் ஆறாவது பருவத்தின் பாடச்சுமை. மறுபுறம் மார்ச் மாதத்தில் 'க்யூட்' முதுநிலைப் பொது நுழைவுத் தேர்வு. இப்பல்கலைக்கழகத்தின் மூன்றாண்டு சட்டப் படிப்புக்கு 2023 முதல் அந்தத் தேர்வே நுழைவாயில்.

2025-ஆம் ஆண்டுத் தேர்வில் 75 வினாக்களுக்கு 90 நிமிடங்கள். அதாவது, ஒரு வினாவுக்கு 72 விநாடிகள். சரியான விடைக்கு 4 மதிப்பெண். தவறினால் ஒன்று குறையும். இத்தகைய தேர்வில், வினாவைப் புரிந்துகொள்ளும் வேகமே பாதி வெற்றி. ஆனால், சட்டப் படிப்புக்கான வினாத்தாளோ ஆங்கிலத்திலும் ஹிந்தியிலும் மட்டுமே உள்ளது.

இதே தேசியத் தேர்வு முகமை, இளநிலை 'க்யூட்' தேர்வைத் தமிழ் உள்பட 13 மொழிகளில் நடத்துகிறது. பிளஸ் 2 முடித்த மாணவரிடம் 13 மொழிகளில் வினவ முடிந்த அமைப்புக்கு, அவரே பட்டதாரியாகி வரும்போது இரு மொழிகள்தான் நினைவுக்கு வருமா?

உச்ச நீதிமன்றத்தின் மொழி ஆங்கிலம்தானே என்று கேட்கலாம். அரசியல் சாசனத்தின் 348-ஆவது பிரிவு அவ்வாறு கூறுவது உண்மை. வழக்குரைஞருக்கு ஆங்கிலம் தேவை என்பதையும் மறுப்பதற்கில்லை. ஆனால், ஆங்கிலம் கட்டாயம் என்பதுதான் வாதமென்றால், ஹிந்தியில் வினாத்தாள் எதற்கு? ஹிந்தி வழி மாணவருக்கு ஆங்கிலத்தைப் பின்னர் கற்க அவகாசம் தரலாம் என்றால், தமிழ், வங்க, ஒடியா மாணவர்களுக்கு அந்த அவகாசத்தை மறுப்பது என்ன நியாயம்?

தமிழகச் சட்டக் கல்லூரிகளின் மூன்றாண்டுப் படிப்பில் பட்டப்படிப்பு மதிப்பெண் அடிப்படையில் சேர்க்கை நடைபெறுகிறது. எனவே, இது நம் பிரச்னை அல்ல என்று ஒதுங்கிவிடலாகாது. தில்லிப் பல்கலைக்கழகம் மத்தியப் பல்கலைக்கழகம். அதில் எல்லா மாநிலங்களின் வரிப்பணமும் இருக்கிறது. உச்ச நீதிமன்றம் இருக்கும் நகரில் சட்டம் பயில்வது, அங்கு வழக்காட விரும்பும் இளைஞருக்குப் பெரும் வாய்ப்பு.

நமது மக்களவை, மாநிலங்களவை உறுப்பினர்கள் கல்வி அமைச்சரிடம் எழுப்ப வேண்டிய கேள்வி எளிமையானது: இளநிலைத் தேர்வுக்குக் கிடைத்த மொழிபெயர்ப்பாளர்கள், சட்டப் படிப்புத் தேர்வுக்குக் கிடைக்க மாட்டார்களா? அனைவருக்கும் நீதி வழங்கக் கற்பிக்கும் படிப்பு, அநீதியான நுழைவாயிலுடன் தொடங்கக் கூடாது.