கூட ஏறி உட்காருங்கள்!

கல்லூரியில் படிக்கும் என் மகள், ஸ்காலர்ஷிப் பணத்தில் ஒரு டெலஸ்கோப் வாங்கி, மொட்டை மாடியில் வைத்து நட்சத்திரக் கூட்டங்களைப் படம் பிடிக்கிறாள். 'வயசுப் பொண்ணுக்கு நடுராத்திரியில மாடியில என்ன வேலை?' என்று பக்கத்து வீட்டு மாமி கேட்க, என் கணவர், 'எல்லாத்தையும் மூட்டை கட்டி வை' என்று சொல்லிவிட்டார். மகள் அழுதாள்.

மார்கழி அமாவாசையன்று, நானும் பாயை எடுத்துக் கொண்டு அவளோடு மாடி ஏறினேன். பூமி சுற்றுவதால், டெலஸ்கோப்பையும் மோட்டார் வைத்து மெல்ல நகர்த்த வேண்டுமாம். அரை நிமிடப் படங்களை நூற்றுக்கணக்கில் எடுத்து, கம்ப்யூட்டரில் ஒன்று சேர்க்க வேண்டுமாம். வெறும் கண்ணுக்கு ஆறு புள்ளியாகத் தெரியும் கார்த்திகை, படத்தில் நீலப் புகை சூழ ஜொலித்தது. 25 லட்சம் ஒளியாண்டு தூரத்திலுள்ள ஆண்ட்ரோமீடா கேலக்ஸியும் விழுந்திருந்தது!

படங்களைப் பார்த்த கணவர் வாயடைத்துப் போனார். இப்போதெல்லாம் மாமியே வாசல் விளக்கை அணைத்து விடுகிறார்.

அண்ணன் வீட்டுக்குக் குடும்பம் நடத்த வந்த கரோலின் ஹெர்ஷல் என்ற பெண்மணி, இங்கிலாந்தில் 1783லேயே சின்ன டெலஸ்கோப்பில் புதிய நட்சத்திரக் கூட்டத்தைக் கண்டுபிடித்தாராம்.

தாய்மார்களே... ஊர் வாய்க்குப் பயந்து பெண்ணைக் கீழே இறக்காதீர்கள். கூட ஏறி உட்காருங்கள்!

— ஒரு வாசகி, தர்மபுரி.