எம்.ஆர். ராதா படிக்காத பள்ளிக்கூடம்

நடிகவேள் எம்.ஆர். ராதாவைப் பற்றி நம் தோழர்கள் மேடையேறிப் பேசும்போது ஒரு வரி தவறாமல் வந்துவிடும். பள்ளிக்கூடம் போகாதவர், ஆனால் படித்தவனையெல்லாம் யோசிக்க வைத்தவர் என்பார்கள். உடனே கைதட்டல் எழும். அந்தக் கைதட்டலைப் பற்றித்தான் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது.

ராதா பள்ளிக்கூடம் போகாதது அவர் பெருமையா, அவரைப் போகவிடாத சமூகத்தின் சிறுமையா?

1907ஆம் ஆண்டு ஏப்ரல் 14 அன்று சென்னையில் பிறந்தவர் ராதா. பட்டாளத்துக்காரரான அப்பா முதல் உலகப்போரில் செத்துப்போனார். சாப்பாட்டில் தனக்கு மீன் துண்டு சரியாக வைக்கவில்லை என்று அம்மாவிடம் கோபித்துக்கொண்டு வீட்டை விட்டு ஓடினான் பையன். சிறையிலிருந்து வெளிவந்த பிறகு எழுத்தாளர் விந்தனிடம் ராதாவே சிரிக்கச் சிரிக்கச் சொன்ன கதை இது. நாமும் சிரித்துக்கொண்டுதான் படிக்கிறோம். ஆனால் அடுத்த காட்சியைப் பாருங்கள்: எழும்பூர் ரயில் நிலையத்தில் ஒரு சின்னப் பையன் கூலிக்கு மூட்டை தூக்குகிறான். அவன் தூக்கிய பெட்டிக்குச் சொந்தக்காரர் ஆலந்தூர் டப்பி ரங்கசாமி நாயுடு, நாடகக் கம்பெனி நடத்துகிறவர். பெட்டியோடு பையனையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார். தமிழ் நாடக மேடையின் மாபெரும் கலகக்காரர் கலைக்குள் நுழைந்தது இப்படித்தான். அவரைத் தேடி யாரும் வரவில்லை, எந்தச் சட்டமும் கேட்கவில்லை.

பாய்ஸ் கம்பெனி என்ற ஏற்பாட்டைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். 1918இல் மதுரையில் சங்கரதாஸ் சுவாமிகள் சிறுவர்களை வைத்தே தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவைத் தொடங்கினார். வளர்ந்த நடிகர்கள் சொன்னபடி கேட்கமாட்டார்கள், சம்பளத் தகராறு செய்வார்கள், சொல்லாமல் கம்பெனி மாறுவார்கள். பையன்கள் அடங்கியிருப்பார்கள். கலை வரலாற்றில் இதைக் 'கட்டுப்பாடு' என்று எழுதுகிறார்கள். தொழிற்சங்கக்காரரைக் கேட்டால் வேறு பெயர் சொல்வார். சாப்பாடும் படுக்க இடமும் உண்டு, கையில் காசென்று பெரிதாக எதுவும் இராது. விடியற்காலையில் பாட்டு, பிறகு வசனம், ராத்திரி நாடகம், தப்பினால் வாத்தியாரின் பிரம்பு. மகரக்கட்டு வந்து குரல் உடைந்த பையனின் கதி என்ன என்று எந்தக் கம்பெனியும் கணக்கு வைத்ததில்லை. கம்பெனியில் சேர வேண்டும் என்பதற்காகத் தன்னை அநாதை என்று பொய் சொல்லிக்கொண்டு வந்த பையன்கூட உண்டு. அவர்தான் பின்னாளில் சிவாஜி கணேசன். எம்.ஜி.ஆரும் அவர் அண்ணன் சக்ரபாணியும் வறுமை தள்ளிக்கொண்டு வந்தவர்கள்தான். 1967 ஜனவரி 12 அன்று ராமாபுரம் தோட்டத்தில் வெடித்த துப்பாக்கியைப் பற்றி நாடே இன்னும் பேசுகிறது. அந்த அறையில் எதிரெதிரே இருந்த இருவரும் பாய்ஸ் கம்பெனிப் பையன்கள் என்பதை யார் பேசுகிறார்கள்?

இந்தப் பையன்களை அள்ளிக்கொண்டது எங்கள் சேலம். டி.ஆர். சுந்தரம் 1935இல் நிறுவிய மாடர்ன் தியேட்டர்ஸ், ஏற்காடு சாலையில் ஓர் ஆலையைப் போல ஓடியது. 1940இல் அங்கே 'உத்தமபுத்திரன்' படத்தில் இரட்டை வேடம் கட்டிய பி.யு. சின்னப்பா பாய்ஸ் கம்பெனி வார்ப்பு. 'மந்திரி குமாரி', 'அலிபாபாவும் நாற்பது திருடர்களும்' படங்களின் எம்.ஜி.ஆர் அப்படியே. 1939இல் அதே நிறுவனத்தின் 'சந்தனத்தேவன்' படத்தில் ராதா நடித்தார். பாட்டு, வாள் சண்டை, வசனம் எல்லாவற்றையும் பத்து வயதுக்கு முன்பின்னாக வேறொருவர் செலவில்லாமல் பழக்கி அனுப்பிவிட்டார். இப்படிப் பழக்கிவிட்ட ஆள்கள் வாசலுக்கே வந்தால் முதலாளிக்கு என்ன குறை? நூற்றுக்கு மேற்பட்ட படங்கள் அந்த வளாகத்திலிருந்து வந்தன. இன்று அதன் நுழைவாயில் வளைவு நிற்கிறது.

ஆனால் இங்கே நாம் நிறுத்திக் கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி இருக்கிறது. ராதா தலித் அல்லர். பாய்ஸ் கம்பெனிகளிலிருந்து புகழுக்கு வந்தவர்களின் பெயர்களை ஒரு தாளில் வரிசையாக எழுதிப் பாருங்கள். அதில் எத்தனை தலித் பெயர்களை உங்களால் எழுத முடிகிறது? ஒரே கூரையின்கீழ் தூங்கி, ஒரே பந்தியில் உண்டு, ராமனாகவும் சீதையாகவும் வேடம் கட்டும் இடத்தில் சேரிப் பையனுக்கு என்ன இடம் கிடைத்திருக்கும்? அதே ஆண்டுகளில் திருச்செங்கோடு, ராசிபுரம் பக்கத்து அருந்ததியர் வீட்டுப் பையன்கள் கவுண்டர் பண்ணையங்களில் ஆடு ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த வாழ்க்கை இலக்கியத்துக்கு வரவே பெருமாள்முருகனின் 'கூளமாதாரி' வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பிரம்படி பட்டாலும் பாட்டு கற்றுக்கொள்ளும் குழந்தை உழைப்பு ஒரு சாதிக்கு, ஆட்டுப் பட்டியில் கிடக்கும் குழந்தை உழைப்பு இன்னொரு சாதிக்கு. சுரண்டலிலும் நம் நாட்டில் படிக்கட்டு உண்டு.

ராதா அந்தப் படிக்கட்டை உதைத்தவர் என்பதில்தான் அவர் பெருமை இருக்கிறது. நான்கைந்து படங்களுக்குப் பிறகு சினிமாவை விட்டு மேடைக்கே திரும்பினார். 1944 ஆகஸ்ட் 27 அன்று சேலம் மாநாட்டில் நீதிக்கட்சி திராவிடர் கழகமாகப் பெயர் மாறியது. அதற்குப் பிந்திய பத்தாண்டுகள் ராதாவின் மேடை அந்த இயக்கத்தின் இன்னொரு மாநாட்டுப் பந்தலாகவே இருந்தது. திருவாரூர் கே. தங்கராசு எழுதிய 'ரத்தக்கண்ணீர்' ஊர் ஊராகப் போனது. ராமாயண நாடகம் போட்டார். மனம் புண்படுகிறவர்கள் வர வேண்டாம், அவர்கள் காசும் வேண்டாம் என்று முன்கூட்டியே அறிவித்துவிட்டுப் போட்டார். தடைகள் வந்தன, கைதுகள் வந்தன. வெள்ளைக்காரனின் 1876ஆம் ஆண்டு நாடகச் சட்டம் போதாதென்று 1954இல் சென்னை மாகாண அரசு புதிதாக ஒரு நாடகச் சட்டமே கொண்டுவந்தது. ராதாவைக் கட்டிப்போடத்தான் அது என்பது அன்று எல்லோருக்கும் தெரியும். எழுத்தாளர் ஞாநி தொடுத்த வழக்கில் சென்னை உயர்நீதிமன்றம் அதன் முக்கியப் பிரிவுகள் செல்லாது என்று சொல்ல 2013 ஆகிவிட்டது.

1954இல் படமாகவும் வந்த 'ரத்தக்கண்ணீ'ரை இன்று போட்டுப் பார்த்தால் நெருடும் இடங்களும் உண்டு. தொழுநோயைப் பாவத்தின் சம்பளம் போலக் காட்டுவது தவறு. தாசி காந்தாவின் மேல் அத்தனை பழியையும் ஏற்றுவதும் அப்படியே. அவளைத் தாசியாக்கிய சாதி ஏற்பாட்டை மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் தோலுரித்த அளவுக்கு இந்தப் படம் தொடவில்லை. ஆனால் சாகப்போகும் கணவன் தன் மனைவியை நண்பனுக்கு மணம் முடித்து வைக்கும் அந்த முடிவை இன்றைக்கு எத்தனை பேர் எழுதத் துணிவார்கள்?

'ரத்தக்கண்ணீர்' மேடையில் ஓடிக்கொண்டிருந்தபோதே, 1953இல், ராஜாஜி அரசு பாதி நேரம் பள்ளி, மீதி நேரம் அப்பன் தொழில் என்ற கல்வித் திட்டத்தைக் கொண்டுவந்தது. குலக்கல்வி என்று பெரியார் அதற்குச் சரியான பெயர் வைத்தார். அடுத்த ஆண்டு காமராசர் அதைக் கைவிட்டார். குலக்கல்வியை எதிர்த்த இயக்கத்தின் பிள்ளைகளாகிய நாம், பள்ளிக்கூடம் போகாமலே மேதையானார் என்று ராதாவைப் புகழ்வது எந்தக் கணக்கில் சேரும்? ராதா கம்பெனியில் மின்சார வேலை பழகினார், மோட்டார் ஓட்டப் பழகினார், மேடையில் உலகையே பேசினார். பள்ளிக்கூடம் மறுக்கப்பட்ட ஒருவர் கையில் கிடைத்ததையெல்லாம் கற்றுக்கொண்ட கதை அது. அவரோடு கம்பெனியில் கிடந்து, குரல் உடைந்ததும் காணாமல் போன நூறு பையன்களைப் பற்றி மேடையில் யாரும் பேசுவதில்லை.

பழங்கதை என்று தள்ளிவிட முடியாது. 2016இல் ஒன்றிய பா.ஜ.க. அரசு குழந்தைத் தொழிலாளர் சட்டத்தைத் திருத்தியபோது 14 வயதுக்குக் கீழ் எந்த வேலையும் கூடாது என்று சொல்லிவிட்டு இரண்டு கதவுகளைத் திறந்து வைத்தது. ஒன்று, பள்ளி நேரம் போக, விடுமுறையில், குடும்பத் தொழிலில் உதவலாம். குலக்கல்வியின் சாயல் தெரிகிறதா? செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறைக்கும் பள்ளிபாளையம், குமாரபாளையம் விசைத்தறிக்கும் இது என்ன அர்த்தம் தரும் என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வீடும் பட்டறையும் ஒன்றாக இருக்கிற ஊரில் 'உதவி' எங்கே முடிந்து வேலை எங்கே தொடங்குகிறது என்று எந்த ஆய்வாளர் அளப்பார்?

இரண்டாவது கதவு கலைஞர்களுக்கு. சினிமா, தொடர், விளம்பரத்தில் குழந்தைகள் நடிக்கலாம். சர்க்கஸ் மட்டும் கூடாது. 2017 விதிகளின்படி மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும், நாளுக்கு 5 மணி நேரத்துக்கு மேல் கூடாது, ஓய்வில்லாமல் 3 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, தொடர்ந்து 27 நாளுக்கு மேல் கூடாது, படிப்பு கெடக் கூடாது, வருமானத்தில் குறைந்தது 20 விழுக்காட்டைக் குழந்தையின் பெயரில் வங்கியில் நிரந்தர வைப்பாகப் போட வேண்டும். இவற்றில் ஒன்றுகூட ராதாவுக்குக் கிடைக்கவில்லை. காகிதத்தில் நல்ல விதிகள்தான். சேரியிலிருந்தும் குப்பத்திலிருந்தும் 'இயல்பான முகம்' தேடிப் பிள்ளைகளைக் கூட்டிப்போகும் இந்தக் காலத்தில் அவை யார் பையில் போய்ச் சேர்ந்தன என்பதுதான் கேள்வி. சாதிக்கு எதிரான படம் எடுக்கும் நம் இயக்குநர்களையும் சேர்த்துத்தான் கேட்கிறோம்.

பெருமாள்முருகனின் 'வறுகறி' கதையிலிருந்து வந்த 'சேத்துமான்' படத்தில் கூடை முடையும் தாத்தாவுக்கு ஒரே ஆசைதான்: பேரன் குமரேசன் பள்ளிக்கூடம் போக வேண்டும். பண்ணாடிக்குப் பன்றிக்கறி தேடி அலைந்தாலும் அந்தப் பிடியை அவர் விடுவதில்லை. பேரன் மேதையாக வேண்டும் என்றெல்லாம் அவர் கேட்கவில்லை.

செப்டம்பர் 17 பெரியார் பிறந்தநாள். 1979இல் ராதா மறைந்ததும் அதே நாளில். இந்த ஆண்டு அந்த நாளில் சேலத்திலும் நாமக்கல்லிலும் படத்துக்கு மாலை போடும் தோழர்கள் அப்படியே மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கும் போய் வரலாம். 2017 முதல் படப்பிடிப்புகளில் எத்தனை குழந்தைகளுக்கு அனுமதி கொடுக்கப்பட்டது, எத்தனை பேர் பெயரில் வைப்புத்தொகை போடப்பட்டது, எத்தனை பேர் பள்ளியில் தொடர்கிறார்கள் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்க ஒரு மனுவும் பத்து ரூபாயும் போதும்.