டிஏசிக்கு ஏற்ற ஸ்ட்ரீமர்: விலைதான் பொருத்தமா?

ஒன்றரை வருடம் சேர்த்த பணத்தில் போன மாதம் ஒரு டிஏசி வாங்கினேன். டிஜிட்டல் இசையை ஆம்ப்ளிஃபயருக்குத் தேவையான அனலாக் சிக்னலாக மாற்றித் தரும் கருவிதான் டிஏசி. நான் வாங்கியது ஜெர்மனியின் ஆர்எம்இ தயாரிக்கும் ஏடிஐ-2. விலை ஒரு லட்சத்தைத் தாண்டும்.

"இதற்குச் சமமான ஸ்ட்ரீமர் இல்லையென்றால் போட்ட பணம் வீண் சார்" என்றார் கடைக்காரர். அவர் காட்டிய ஸ்ட்ரீமர் டிஏசியைவிட விலை அதிகம். வாங்கியிருந்தால் ஸ்பீக்கருக்காக எடுத்து வைத்த பணம் மொத்தமும் போயிருக்கும்.

ஸ்ட்ரீமரின் வேலை என்ன? இன்டர்நெட்டிலிருந்தோ ஹார்ட் டிஸ்க்கிலிருந்தோ பாட்டை எடுத்து, ஒரு பிட்கூட மாறாமல் டிஏசியிடம் கொடுப்பது. அவ்வளவுதான். இன்றைய நல்ல டிஏசிகளில் அசிங்க்ரோனஸ் யுஎஸ்பி முறை இருக்கிறது. டேட்டா எந்த வேகத்தில் வர வேண்டும் என்பதை டிஏசி தன் கிளாக்கை வைத்துத் தானே கேட்டு வாங்கிக்கொள்ளும். ஸ்ட்ரீமருக்குள் தங்கத்தில் கிளாக் வைத்தாலும் இங்கே அதற்கு வேலையில்லை. டேட்டாவும் அதிகமில்லை. 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோ பாட்டுக்கு விநாடிக்குச் சுமார் 9.2 மெகாபிட் போதும். யுஎஸ்பி 2.0-வின் வேகம் 480 மெகாபிட்!

இதைச் சோதித்தும் பார்த்தேன். ஆர்எம்இ தன் இணையதளத்தில் சில டெஸ்ட் ஃபைல்களை இலவசமாகத் தருகிறது. அவற்றை ஓடவிட்டால், பிட்கள் சிதையாமல் வந்தனவா என்று டிஏசியே கண்டுபிடித்துத் திரையில் சொல்லிவிடும். முதலில் என் விண்டோஸ் லேப்டாப். தோல்வி! விண்டோஸ் எல்லாப் பாட்டையும் 48 கிலோஹெர்ட்ஸுக்கு மாற்றி அனுப்பிக்கொண்டிருந்தது. பிளேயரில் வாசாபி எக்ஸ்க்ளூசிவ் மோடைத் தேர்வு செய்ததும் பாஸ். அடுத்து, வீட்டில் சும்மா கிடந்த ராஸ்பெரி பை 4. அதில் வால்யூமியோ இன்ஸ்டால் செய்து ஓட்டினேன். மறுபடியும் தோல்வி! ஒரு மணி நேரம் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகுதான் சாஃப்ட்வேர் வால்யூம் ஆன் ஆகியிருந்தது தெரிந்தது. அதை எடுத்துவிட்டு, வால்யூமை டிஏசியிலேயே வைத்துக்கொண்டேன். பாஸ். ஆக, சிக்கல் செட்டிங்கில் இருந்தது, விலையில் இல்லை. லட்ச ரூபாய் ஸ்ட்ரீமரிலும் சாஃப்ட்வேர் வால்யூமை ஆன் செய்தால் இதே கதிதான்.

கடைக்காரர் சொன்னதில் உண்மையே இல்லையா? கொஞ்சம் உண்டு. கோஆக்சியல், ஆப்டிகல் வழியாக இணைத்தால் கிளாக் ஸ்ட்ரீமரிலிருந்து வருகிறது. டிஏசி பழையதாக இருந்தால் அங்கே வித்தியாசம் தெரியலாம். லேப்டாப்பை சார்ஜரில் போட்டு இணைக்கும்போது சில செட்டுகளில் 'ம்ம்ம்' என்று இரைச்சல் வரும். இது கரண்ட் பிரச்னை. சார்ஜரைக் கழற்றிப் பார்த்தாலே தெரிந்துவிடும். ஆப் வசதியும் முக்கியம்தான். என் அப்பாவுக்கு வால்யூமியோவின் திரை பிடிக்கவே இல்லை. பாட்டைத் தேடி எடுப்பதற்குள் கேட்கும் ஆசையே போய்விடுகிறதாம். அப்படிப்பட்டவர்களுக்கு நல்ல ஆப் உள்ள ரெடிமேட் ஸ்ட்ரீமரே மேல். உங்கள் பாட்டு சர்வீஸ் அதில் வருகிறதா, டிஏசியோடு யுஎஸ்பியில் பேசுமா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள்.

ஸ்பீக்கர் பணம் பேங்கில் பத்திரமாக இருக்கிறது. வரும் சனிக்கிழமை அதே கடைக்குத்தான் போகிறேன், ஸ்பீக்கர் கேட்டுப் பார்க்க.