வழக்கு முடிந்தால் உறவு மலருமா?



கிள்ளானில் மாணவி ஒருத்தியின் தந்தை, தேர்ச்சி அறிக்கையில் கையொப்பமிட வந்தவர், மதிப்பெண்களைப் பார்த்து முடித்ததும் பங்குச் சந்தைப் பேச்சுக்குத் தாவினார். மகளின் உயர்கல்விக்கெனச் சேர்த்த பணத்தில் ஒரு பகுதியை வெளிநாட்டுச் சிறு நிறுவனம் ஒன்றின் பங்குகளில் போட்டிருக்கிறாராம். அந்நிறுவனம் பெரிய நிறுவனம் ஒன்றின்மீது காப்புரிமை வழக்குத் தொடுத்திருக்கிறது. "கடைசியில் சமாதானமாகத்தானே போகவேண்டும், ஐயா? பெரியவர்கள் இவர்களைப் பங்காளியாகச் சேர்த்துக்கொண்டால் என் பங்கு விலை எங்கேயோ போய்விடும்" என்றார். பங்காளி என்னும் சொல்லுக்கு நம்மவரிடையே வேறொரு பொருளும் உண்டு என்று சொல்ல வாயெடுத்து அடக்கிக்கொண்டேன்.

அவர் நம்பிக்கை ஆதாரமற்றதன்று. அண்டை நாடான சிங்கப்பூரின் கிரியேட்டிவ் டெக்னாலஜி நிறுவனத்திற்கு அப்படியே நடந்தது. சிம் வோங் ஹூ தொடங்கிய அந்நிறுவனத்தை 'சவுண்ட் பிளாஸ்டர்' ஒலி அட்டையால் பலரும் அறிவர். இசைக் கருவியில் பாடகர், இசைத்தொகுப்பு, பாடல் என்று படிப்படியாக இறங்கிப் பாட்டைத் தேர்ந்தெடுக்கும் முறைக்கு 2001 ஜனவரியில் விண்ணப்பித்து, 2005 ஆகஸ்டில் அமெரிக்கக் காப்புரிமை பெற்றது. (இயல், பாடம், பக்கம் என்று பொருளடக்கம் எழுதும் நமக்கு இதில் என்ன புதுமை என்று தோன்றலாம். எனக்கும் தோன்றியது.) ஆப்பிளின் ஐபாட் 2001 அக்டோபரில்தான் அறிமுகமானது. 2006 மே மாதம் கிரியேட்டிவ் வழக்குத் தொடுத்தது. ஆப்பிளும் எதிர்வழக்குத் தொடுத்தது. அவ்வாண்டு ஆகஸ்டு 23ஆம் நாள் சமரசம். ஆப்பிள் 100 மில்லியன் அமெரிக்க டாலர் கொடுத்தது. 'மேட் ஃபார் ஐபாட்' திட்டத்தில் சேர்ந்து ஐபாடுக்கான துணைக்கருவிகளைத் தயாரிக்கவும் கிரியேட்டிவுக்கு வழி திறந்தது.

சிறு பங்குதாரர் எவரும் மகிழ்ந்திருப்பார். ஆனால், அந்த ஒப்பந்தத்தைச் சற்று நிதானித்துப் படித்துப் பாருங்கள். தொகை ஒரே முறை வருவது. அதைக் கொடுத்த ஆப்பிள், அக்காப்புரிமையைத் தன் எல்லாப் பொருள்களிலும் பயன்படுத்தும் உரிமையைப் பெற்றது. கிரியேட்டிவ் வேறு நிறுவனங்களுக்கும் உரிமம் வழங்கினால், கொடுத்த தொகையில் ஒரு பகுதியை ஆப்பிள் திரும்பப் பெறவும் இடமிருந்தது. கூட்டுறவு என்று சொல்லப்பட்டதோ, ஐபாடோடு போட்டியிட்ட நிறுவனம் ஐபாடுக்கே ஒலிபெருக்கி செய்யும் பலருள் ஒருவராவது. வகுப்பில் அடித்துக்கொண்ட இரு பையன்களைக் கைகுலுக்க வைக்கிறோம். அதற்காக அவர்கள் மறுநாள் ஒரே பெஞ்சில் அமர்ந்துவிடுவதில்லை. 2007இல் ஆப்பிள் ஐபோனை அறிமுகப்படுத்தியது. அதே ஆண்டில் கிரியேட்டிவ் அமெரிக்காவின் நாஸ்டாக் சந்தையிலிருந்து விலகியது. ஐபாடின் தயாரிப்பும் 2022இல் நின்றுபோனது.

நடந்து முடிந்த பயன்பாட்டிற்குப் பெறும் ஈடு வேறு, வரப்போகும் தொழில் வேறு என்பதே என் கருத்து. முன்னதை நம்பிப் பங்கு வாங்குபவர் பின்னதற்கும் சேர்த்து விலை கொடுத்துவிடுகிறார். காப்புரிமையின் ஆயுளோ விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டு, மலேசியாவிலும் அப்படித்தான். வழக்கு நீளும் ஒவ்வோர் ஆண்டும் அதிலிருந்து கழிகிறது.

காத்திருப்பது என்றால் என்ன என்பதை நம் சமுதாயத்திற்கு எவரும் கற்றுத்தர வேண்டியதில்லை. 1980களில் சுமார் 66,000 பேர் மைக்கா ஹோல்டிங்ஸில் நூறு மில்லியன் ரிங்கிட்டுக்கு மேல் முதலீடு செய்தனர். நகையை அடகு வைத்துக் கொடுத்த தோட்டத் தொழிலாளர்களும் அவர்களுள் உண்டு. 2010இல் அந்தப் பங்கை வாங்கிக்கொள்ள முன்வந்தவர்கள் கூறிய விலை 80 சென். அது காப்புரிமை வழக்கன்று, கதையும் வேறு. ஆயினும், "இன்னும் கொஞ்சம் பொறுத்தால் நல்லது நடக்கும்" என்று ஆண்டுக்கணக்கில் சொல்லிக்கொண்ட பெரியவர்களை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம்.

அந்தத் தந்தையிடம் ஒன்றே கேட்டேன்: "வழக்கு தோற்றுவிட்டால், அந்த நிறுவனம் எதை விற்றுப் பிழைக்கும்?" சற்று நேரம் யோசித்தார். மகள் வெளியே காலணியை மாட்டிக்கொண்டு காத்திருந்தாள். அடுத்த வாரம் ஆண்டறிக்கையைக் கொண்டுவருவதாகச் சொல்லிச் சென்றார். முழுவதும் ஆங்கிலமாம். நானும் அகராதியை எடுத்து வைத்திருக்கிறேன்.